பழைய புல்லட்டுக்கு இரண்டாம் கை எஞ்சின்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது

கேள்வி இதுதான்: 1986 மாடல் புல்லட் 350 ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. பின் செயின் அறுந்து சுருண்டதில் கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடி உறை) பின்பகுதி உடைந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் முழு எஞ்சின் ஒன்று கிடைக்கிறது, ஸ்டார்ட் செய்தே காட்டுகிறேன் என்கிறார் கடைக்காரர். பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டார்ட் ஆவதைக் கடைசியில் பாருங்கள். அது சொல்லும் சேதி மிகக் குறைவு. இந்த காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) எஞ்சின் பாதி செத்த நிலையிலும் ஓடும். தேய்ந்த பிஸ்டன், ரிங், வால்வு, பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் மூட்டு), பேரிங் எல்லாமே இன்றைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய எஞ்சின் என்றால் அவை அத்தனையும் தேய்ந்துதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். எளிதில் வாங்க முடியாதவை மூன்று: விரிசல் இல்லாத கிராங்க்கேஸ், பேரிங் இறுக்கமாக உட்காரும் துளைகள், சுத்தமான எஞ்சின் நம்பர். காசு கொடுப்பது இந்த மூன்றுக்குத்தான். அதனால் முதலில் காகிதமும் வார்ப்பும், அடுத்து கீழ்ப்பாகம் (கிராங்க்கும் பேரிங்குகளும்), அதன் பிறகே மேல்ப்பாகம் (சிலிண்டரும் ஹெட்டும்).

அதற்கும் முன்னால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் சொந்த கிராங்க்கேஸை உண்மையிலேயே காப்பாற்ற முடியாதா? பின் செயின் அறுந்து உடையும் இடம் பெரும்பாலும் ஆயில் தேங்கும் அறையின் சுவர். மெயின் பேரிங் துளை வரை விரிசல் ஓடவில்லை என்றால், நல்ல ஆர்கான் வெல்டர் அதை அடைத்துவிடுவார். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பல வருஷம் ஆயில் ஊறிய அலுமினியத்தைச் சூடாக்கி, கழுவி, மறுபடி சூடாக்கி, உள்ளே ஊறிய ஆயிலை வெளியேற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங் முழுக்கப் பொத்தல் விழும். இது நடந்தால் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் நம்பர் அப்படியே நிற்கும். இரண்டாம் கை எஞ்சினை உள்பாகங்களுக்காக மட்டும் வாங்கினால் போதும். என்னைக் கேட்டால் முதல் வழி இதுதான்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. கிராங்க்கேஸின் இடப்பாதி உங்களுடையது, வலப்பாதி அவருடையது என்று கலந்து பூட்டாதீர்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டி ஒரே அமைப்பில் துளையிட்டுத் தயாரித்த ஜோடி அது. வேறு வேறு ஜோடியிலிருந்து எடுத்த பாதிகள் போல்ட்டில் சேரும். மெயின் பேரிங் இரண்டும் ஒரே நேர்கோட்டில் சேராது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பேரிங் கத்த ஆரம்பிக்கும். இரண்டாம் கை எஞ்சினில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க, சிலிண்டர் உட்காரும் முகத்தில் இரு பாதிகளும் சேரும் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். படி போலத் தட்டினால் சந்தேகப்படுங்கள். நேரான எஃகு ஸ்கேலை வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

சரி, முழு எஞ்சின்தான் வேண்டும் என்றால், முதலில் அது எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1955இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்த கூட்டில் தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் உருவான 350 எஞ்சினின் அடிப்படை 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், கியர்பாக்ஸ் தனியாகப் பின்னால் பூட்டியது. பிறகு வந்த ஏவிஎல் எஞ்சினிலும் அதற்கும் பிறகு வந்த யூசிஇ எஞ்சினிலும் சிலிண்டர் அலுமினியம். கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தம் போதும். சிலிண்டர் ஃபின்னில் ஒட்டினால் காஸ்ட் அயர்ன். "எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டிக்கலாம்" என்று சொல்வார்கள். யூசிஇ எஞ்சினில் கியர்பாக்ஸும் ஒரே உடம்பு, உங்கள் ஃபிரேமில் அது உட்காராது. ஏவிஎல்லின் உள்பாகங்கள் வேறு. பழைய தோற்றமும் போய்விடும். ஆல்டர்னேட்டர் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் கேட்டு வையுங்கள். வயரிங், பல்பு, காயில் எல்லாம் அதைப் பொறுத்தது.

எஞ்சின் நம்பர் இடப்பக்க கிராங்க்கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கும். பெயிண்ட், அழுக்கு, வார்னிஷ் எல்லாவற்றையும் தின்னரில் துடைத்துவிட்டுப் பாருங்கள். நம்பர் பதித்த பரப்பு சுற்றியுள்ள வார்ப்பைவிடப் பளபளப்பாகவோ குழியாகவோ இருக்கக் கூடாது. கிரைண்டர் ஓடியிருந்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரியும். எழுத்துகளின் ஆழமும் வரிசையும் ஒத்துப்போக வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், அழித்த பழைய எண்ணின் நிழல் சில நேரம் எழுந்து நிற்கும். அப்படித் தெரிந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.

எந்த வண்டியிலிருந்து இறங்கிய எஞ்சின், அதன் பதிவெண் என்ன என்று கேளுங்கள். ஆர்சி நகல் வாங்குங்கள். பதிவெண்ணைப் பரிவாகன் செயலியில் போட்டு மாடலும் வருஷமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். எஞ்சின் நம்பர், தேதி, விற்பவர் கையெழுத்து மூன்றும் உள்ள ரசீது கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, எஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் திருத்த வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். அதைக் கடைக்காரரால் தர முடியுமா என்று பிறகு பார்க்கலாம். உங்கள் பழைய நம்பரைப் புதிய கிராங்க்கேஸில் பஞ்ச் அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது குற்றம். வண்டியே முடங்கிப்போகும். 50 வருஷம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேஸ், எஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். எஞ்சின் மாறினால் அந்தத் தகுதியே கேள்விக்குறியாகிவிடும்.

இனி வார்ப்பு. பளபளவென்று பஃபிங் செய்து, கிராங்க்கேஸுக்கு சில்வர் பெயிண்ட் அடித்த எஞ்சினைவிட, கிரீஸும் மண்ணும் ஒட்டிய எஞ்சினை நம்பலாம். அழுக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆயில் எங்கே கசிந்தது என்பதை அந்த மண் படிந்த தடமே காட்டிக்கொடுக்கும். கழுவிப் பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

விரிசல் பார்க்க நான்கு இடம் முக்கியம். முன்பக்கம் ஃபிரேமோடு பூட்டும் காது. கீழே ஃபிரேமில் உட்காரும் காதுகள். பின்னால் கியர்பாக்ஸ் பூட்டும் ஸ்டட் துளைகளைச் சுற்றி. இடப்பக்கம் பின் செயின் ஸ்பிராக்கெட்டுக்கு அருகே, அதாவது உங்கள் எஞ்சின் உடைந்த அதே இடம். அறுந்த செயின் சுருண்டு மோதும் இடம் எல்லா புல்லட்டிலும் அதுதான். எம்சீல் பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக இருக்கும். சாவி முனையால் தட்டினால் உலோகச் சத்தம் வராமல் மொத்தென்று கேட்கும்.

சந்தேகமான இடத்தில் சாக்பீஸ் சோதனை செய்து பாருங்கள். பெட்ரோலில் நன்றாகக் கழுவித் துடைத்து, மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் பத்து நிமிஷம் ஒட்டி வையுங்கள். பிறகு சுத்தமாகத் துடைத்து உலரவிட்டு, சாக்பீஸைத் தண்ணீர் படாமல் அப்படியே தேய்த்து வெள்ளையாக்குங்கள். ரப்பர் சுத்தியால் பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய மண்ணெண்ணெய் மெல்ல மேலே ஏறி, வெள்ளைப் பரப்பில் முடி கனத்துக்கு ஒரு ஈரக் கோடு வரையும். வெறும் கீறல் என்றால் கோடு வராது. மொத்தம் கால் மணி நேர வேலை. இதற்குக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

மரைகளையும் பாருங்கள். ஆயில் வடிக்கும் பிளக், சிலிண்டர் ஸ்டட், பிளக் ஓட்டை, டைமிங் கவர் ஸ்குரூ: அலுமினியத்தில் மரை போவது இந்த எஞ்சினில் சகஜம். ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகத் திருகும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்தால் அது குறையல்ல. ஸ்டட் துளையைச் சுற்றி அலுமினியம் மேலே எழும்பி மேடாகியிருந்தால் அந்த ஸ்டட் இழுபட்டிருக்கிறது, மறுபடி இறுக்கினால் கையோடு வந்துவிடும். சிலிண்டர் ஃபின் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். சூடு தணிவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. அழகு கெடும், அதற்கேற்ப விலையைக் குறையுங்கள்.

இப்போது ஆயில். வடிக்கும் பிளக்கைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்த அகலத் தட்டில் வடியுங்கள். சாம்பல் கலந்த பால்டீ நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. திறந்த பிளக் ஓட்டையோடு மழையில் கிடந்த எஞ்சின் அது. பேரிங்கில் துருக் குழி இருக்கும். அடுத்து டைமிங் கவரில் உள்ள ஃபில்டர் மூடியைத் திறந்து ஃபெல்ட் ஃபில்டரை வெளியே எடுங்கள். எஞ்சினின் வரலாற்றையே எழுதி வைத்திருப்பது இந்த ஃபெல்ட்தான். ஒரு கிண்ணம் பெட்ரோலில் அதை அலசி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாக மினுங்கும் தூள் புஷ்களிலிருந்து வந்தது. வெள்ளியாக, தகடு தகடாக இருந்து காந்தத்தில் ஒட்டாதது பிஸ்டனோ கனெக்டிங் ராடோ உரசிய அலுமினியம். காந்தத்தில் மீசை போல நிற்பது கியர், கேம், பேரிங் இரும்பு. கொஞ்சம் மெல்லிய தூள் எல்லா எஞ்சினிலும் இருக்கும். நகத்தில் எடுக்கும் அளவுக்குச் சில்லு கிடைத்தால் கீழ்ப்பாகம் முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட்டே இல்லாமல் ஓடிய எஞ்சின்களும் உண்டு. ஸ்பிரிங்கையும் வாஷரையும் மாற்றிப் போட்டவையும் உண்டு. இரண்டிலும் முதலில் அடிபடுவது பிக் எண்ட்.

காரணம் இந்த எஞ்சினின் பிக் எண்ட் அமைப்பு. பழைய 350இல் அங்கே ரோலர் பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு புஷ் இரண்டு பக்கமும் சுதந்திரமாகச் சுற்றும். மிதக்கும் புஷ் என்பார்கள். சுத்தமான ஆயில் படலம் இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். ஆயில் சற்றே குறைந்தாலும் பின்னைக் கடித்துவிடும். அந்த ஆயில் போகும் பாதையில் பலவீனமான இடம் ஒன்று, டைமிங் கவருக்கு உள்ளே, கிராங்க் ஷாஃப்ட் முனையில் உட்காரும் சின்ன கார்க் சீல். அது நசுங்கியோ காய்ந்தோ போனால் பம்ப் தள்ளும் ஆயில் பிக் எண்ட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே வழிந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஆயில் அளவும் குறையாது, உள்ளே மட்டும் புஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். சில ரூபாய்ச் சாமான் அது. பல எஞ்சின்களின் பிக் எண்ட் போனதற்குக் காரணமும் அதுவே.

பிக் எண்ட்டை நம்பிக்கையோடு சோதிக்க ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்ற வேண்டும். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் குச்சி விட்டுப் பார்க்கும் வித்தை இங்கே சரிப்படாது. சிலிண்டரை எடுத்ததும் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் பிடித்து நேர் மேலே இழுத்து நேர் கீழே தள்ளுங்கள். சாய்க்கக் கூடாது. பக்கவாட்டில் ராடு கொஞ்சம் நகரும், அப்படித்தான் நகர வேண்டும். பலர் அதைப் பார்த்துவிட்டு பிக் எண்ட் போச்சு என்று தவறாகச் சொல்லிவிடுகிறார்கள். மேல் கீழாக, ஆயில் படலம் அமுங்குவது போன்ற மெத்தென்ற உணர்வு புஷ் வகைக்கு இயல்பு. "டொக்" என்று விரலுக்குத் தெரியும்படி தட்டினால் முடிந்தது. ரோலர் மாற்றிய எஞ்சின் என்றால் அந்த மெத்தென்ற உணர்வுகூட இருக்கக் கூடாது. ஆகவே எந்த வகை உள்ளே இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மெயின் பேரிங்கைப் பார்க்க இடப்பக்க பிரைமரி கவரை (கிராங்க்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினின் மூடி) கழற்றுங்கள். ஒரே ஒரு நட்டில் நிற்கும் கவர்தான். உள்ளே கிராங்க் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டர். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் தடையில்லாமல் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசிப் பளபளத்தால் ஸ்டேட்டர் சரியாக உட்காரவில்லை, இல்லையேல் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அதுவும் இல்லையேல் பேரிங் ஆடுகிறது. ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். விரலுக்கு ஆட்டம் தெரியவே கூடாது. பிரைமரி கேஸில் ஆயில் வழிய வழிய நின்றால், எஞ்சின் ஆயில் ஷாஃப்ட் வழியே அங்கே வருகிறது என்று பொருள். சீல் போயிருக்கலாம், பேரிங் ஆட்டமே சீலைத் தின்றிருக்கவும் கூடும்.

பேரிங் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேரிங் உட்காரும் துளை தளர்ந்திருந்தால்தான் கவலை. கேஸ் பிரித்த நிலையில் கிடைத்தால் அந்தத் துளையின் உள்சுவரை விளக்கு வைத்துப் பாருங்கள். பேரிங்கின் வெளிவளையம் சுற்றியதால் விழுந்த பளபளப்பான வட்டக் கோடுகள் ஒரு அடையாளம். அதைவிட உறுதியான அடையாளம் துளையின் ஓரத்திலும் சுவரிலும் வரிசையாகக் குத்திய சென்டர் பஞ்ச் புள்ளிகள். தளர்ந்த பேரிங்கை இறுக்க முன்பு யாரோ அடித்தவை. அந்தப் புள்ளிகள் சீக்கிரமே அமுங்கிவிடும், பேரிங் மறுபடியும் ஆடும். சரியான தீர்வு, துளையைப் பெரிதாக்கி ஸ்லீவ் (உள் வளையம்) போட்டு, இரு பாதிகளையும் சேர்த்துப் பூட்டி நேர்கோட்டில் துளைப்பது. அதைச் செய்யத் தெரிந்த லேத் கைவசம் இருந்தால் ஒழிய அந்த எஞ்சின் வேண்டாம்.

இதனால்தான், பெயிண்ட் அடித்து ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைவிட, சாக்கில் பிரித்துப் போட்ட எஞ்சின் நல்லது என்று சொல்வேன். இரண்டு கேஸ் பாதியும் கிராங்க்கும் முழுசாக இருந்தால் போதும். எதையும் யாரும் மறைக்க முடியாது. கிராங்க்கை லேத்தில் சென்டருக்கு நடுவே வைத்து டயல் கேஜில் சுற்றிப் பார்க்கலாம். இரு முனையிலும் 0.05 மி.மீ.க்கு மேல் ஓடினால் அலைன்மென்ட் செய்ய வேண்டும்.

மேல்ப்பாகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிஸ்டன் தலையில் பதித்த எண்ணைப் படியுங்கள். எதுவும் இல்லை என்றால் ஸ்டாண்டர்டு, 0.25, 0.50, 0.75, 1.00 என்று இருந்தால் அத்தனை மி.மீ. போர் அடித்தாகிவிட்டது. பட்டறைப் பேச்சில் பத்து, இருபது, முப்பது, நாற்பது. நாற்பதில் இருக்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் செலவைக் கணக்கில் சேருங்கள். போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ரிங் நிற்கும் இடத்தில் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் படி தட்டும். அந்த இடத்துக்கும் அடி விளிம்புக்கும் உள்ள விட்ட வித்தியாசத்தை போர் கேஜில் எடுங்கள். 0.2 மி.மீ. வந்தால் போர் அடிக்கும் வேளை வந்துவிட்டது. கேஜ் கையில் இல்லையா? ஒரு ரிங்கைக் கழற்றி, போருக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலரில் பாருங்கள். புதிதில் 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்கும். 0.8 தாண்டினால் மாற்ற வேண்டும்.

ஹெட்டைக் கழற்றாமலே வால்வு நிலையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வலப்பக்கம் சிலிண்டர் அடியில் உள்ள சின்ன டேப்பட் மூடியைத் திறந்தால் புஷ்ராடு அட்ஜஸ்டர் தெரியும். கம்ப்ரெஷன் உச்சியில் இரண்டு புஷ்ராடும் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேல் கீழாக ஆடக் கூடாது. அதுவே சரியான செட்டிங். அப்படிச் செட் செய்த நிலையில் அட்ஜஸ்டர் மரை எவ்வளவு வெளியே இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் முழுக்க உள்ளே போயிருந்தால் அந்த வால்வு சீட்டுக்குள் இறங்கிவிட்டது. வால்வு இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறும், புஷ்ராடைச் சுருக்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் கடைசி மரை வரை வெளியே வந்திருந்தால் கேமோ டேப்பட் அடியோ தேய்ந்திருக்கிறது. எஞ்சினை மெல்லச் சுற்றி இரண்டு டேப்பட்டும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். நடுவில் நொண்டுவது போலத் தயங்கினால் கேமில் குழி விழுந்திருக்கும்.

ஹெட் கையில் வந்தால் பிளக் ஓட்டைக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய பாலத்தில் விரிசல் தேடுங்கள். போர்ட்டுகளில் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிஷம் வையுங்கள். வால்வு ஓரம் ஈரம் கசிந்தால் கிரைண்டிங் போதும். தண்டைப் பிடித்து ஆட்டினால் தாராளமாக ஆடுகிறதென்றால் கைடு மாற்ற வேண்டும்.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய 350இன் கம்ப்ரெஷன் விகிதமே 5.5:1தான். இன்றைய பைக்கின் எண்ணை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். 80 முதல் 100 பிஎஸ்ஐ சுற்றி நின்றால் அது ஆரோக்கியம்தான். குறைவாக வந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. ஏறவில்லை என்றால் வால்வு, ஹெட் கேஸ்கட், அல்லது டீகம்ப்ரெஸர் (கிக் எளிதாக அழுத்தத்தை வெளியேவிடும் சின்ன வால்வு). கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன வால்வு சரியாக மூடாமல், முழு ஹெட்டையும் வீணாகப் பிரித்தவர்கள் உண்டு. அதைச் சுற்றிக் கரி அப்பியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். சிலிண்டரும் ஹெட்டும் சேரும் கோட்டில் கறுப்பு நாக்கு நீண்டிருந்தால் கேஸ்கட் ஊதுகிறது.

கியர்பாக்ஸும் சேர்ந்து வந்தால் அதைப் பெரிய விஷயமாக்க வேண்டாம். நான்கு கியரும் விழுகிறதா, நியூட்ரல் ஃபைண்டர் வேலை செய்கிறதா, கிக் ஷாஃப்ட் அருகே உறையில் விரிசல் இருக்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஆறிய பிறகு வருகிறேன் என்று டீ குடிக்கப் போய்விடுங்கள். ஆயில் குச்சியில் தொட்டு விரலில் தேயுங்கள். 20டபிள்யூ50 போல ஓடாமல் தேன் போலக் கனமாக இருந்தால், சத்தத்தை அமுக்க கியர் ஆயில் கலந்திருக்கிறார்கள். நாள்பட நின்ற எஞ்சினில் குச்சியில் ஆயிலே தெரியாமல் போகலாம். பம்ப் வழியே மெல்ல இறங்கி கிராங்க் அறையில் சேர்ந்திருக்கும். அப்போது மேலே ஆயில் ஊற்றாதீர்கள், அறையில் இருப்பதை வடித்துவிட்டு அளவு பாருங்கள். அதே காரணத்தால் முதல் இரண்டு மூன்று நிமிஷம் புகை மண்டினாலும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ரிங்கோ கைடோ போயிருக்கிறது.

ஐடிலிங்கில் ஹெட்டுக்குப் போகும் வெளி ஆயில் பைப்பின் மேல் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் ஊறி வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சத்தத்தில் குழம்பாமல் இருக்க இப்படிப் பிரித்துக் கேளுங்கள். குளிரில் தட்டி, சூடானதும் மறைவது பிஸ்டன் தட்டல்; பொறுத்துக்கொள்ளலாம். மேலே இருந்து சீராக வரும் "டிக் டிக்" டேப்பட். இடப்பக்கம் ஒழுங்கில்லாமல் சரக் சரக் என்பது தளர்ந்த பிரைமரி செயின். அதைக் கீழ்ப்பாகக் கோளாறு என்று எண்ணிப் பயப்படுபவர்கள் அதிகம். நடுத்தர வேகத்தில் பிடித்து, ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று விடும்போது வயிற்றிலிருந்து கனமாக "டொக் டொக்" என்று வருவதுதான் பிக் எண்ட். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை கிராங்க்கேஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் இடம் பிடிபடும். பிரீதர் (கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் குழாய்) வாயில் விரலை வையுங்கள். லேசான துடிப்பு இயல்பு. விடாமல் சூடான காற்று ஊதினால் ரிங் தாண்டி வாயு இறங்குகிறது.

சுற்றவே சுற்றாத எஞ்சின் மலிவாகக் கிடைத்தால் ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ரிங் துருப்பிடித்து இரும்பு போரில் ஒட்டியிருக்கும். டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து போருக்குள் ஊற்றி நாலைந்து நாள் ஊறவிட்டு, ரோட்டர் நட்டில் ஸ்பேனர் வைத்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் விட்டுக்கொடுக்கும். சுத்தியால் பிஸ்டனை அடித்தால் ராடு வளையும். ஆனால் கடையில் வைத்து இதைச் சோதிக்க முடியாது என்பதால், அந்த எஞ்சினுக்கு கேஸ் விலை மட்டும் பேசுங்கள்.

எவ்வளவு நன்றாக ஓடிக் காட்டினாலும், வீட்டுக்கு வந்ததும் நேரே ஃபிரேமில் ஏற்ற வேண்டாம். டைமிங் கவரைத் திறங்கள். கார்க் சீல், ஃபெல்ட் ஃபில்டர், கேஸ்கட் மூன்றும் புதிது போடுங்கள். பம்ப்பைச் சுற்றும் வார்ம் நட் இடது மரை. தெரியாமல் வழக்கமான திசையில் திருகி உடைத்தவர்கள் நிறைய. பம்ப் டிஸ்க்கும் அது உட்காரும் முகமும் கீறியிருந்தால் கண்ணாடித் தகட்டில் மெல்லிய வால்வு பேஸ்ட் தடவி எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பேஸ்ட் துகள் ஒன்றுகூட உள்ளே தங்காமல் கழுவுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி மூடுங்கள். பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்து, ஹெட்டுக்குப் போகும் பைப் போல்ட்டைத் தளர்த்தி வைத்துவிட்டுக் கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டே இருங்கள். பம்ப் மெதுவாகத்தான் சுற்றும், பொறுமை வேண்டும். அந்த போல்ட்டின் ஓரத்தில் புது ஆயில் ஈரம் கட்டிய பிறகே போல்ட்டை இறுக்கிப் பிளக்கை மாட்டி முதல் உதை கொடுங்கள். ஒரு முறை நன்றாகச் சூடாகி, முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, புஷ்ராடு இரண்டையும் மீண்டும் செட் செய்யுங்கள். புதிய கேஸ்கட் அமுங்கியதில் முதல் செட்டிங் மாறியிருக்கும்.